கீறாது, ஆனால் உடையும்: நிற செராமிக் பைலட் வாட்ச் முதன்முறை வாங்குபவருக்கு

வாங்கி மூன்றாவது மாதம் வார் மாற்றலாம் என்று வாட்சைக் கழற்றி மேசையில் வைத்தேன். வார் கோக்கும் கொம்பு இருக்கிறதே, கடைக்காரர்கள் 'லக்' என்பார்கள், அதன் உள்பக்கத்தில் அரிசிக் குருணை அளவுக்குச் செராமிக் பெயர்ந்திருந்தது. நான் அதைக் கீழே போட்டதும் இல்லை, எங்கும் இடித்துக்கொண்டதும் இல்லை. வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கிறது. வார் அதை மறைத்துக்கொண்டிருந்தது, நானும் வாரைக் கழற்றச் சொல்லிக் கேட்கவில்லை. அதற்கு முன்பே விமான நிலையச் சுங்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தது தனிக் கதை.

எந்தக் கடை, எந்த நிறுவனத்தின் வாட்ச் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. 2023-ல் சிங்கப்பூரில் ஒரு பழைய வாட்ச் கடையில் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தேன் என்பது மட்டும் போதும். நான் செய்த தவறுகளை வரிசைப்படுத்தினால் ஒரு வழிகாட்டியே ஆகிவிடும் என்று தோன்றியது. வாட்ச் உலகத்துக்குப் புதியவர், கையில் ஐந்தாறு லட்சம் சேர்த்து வைத்திருக்கிறார், மணல் நிறத்திலோ பச்சையிலோ ஒரு பைலட் வாட்ச் மீது கண் விழுந்துவிட்டது என்றால், அவருக்காகத்தான் இது. உதாரணங்களைப் பெரும்பாலும் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹௌசன் நகரத்து ஐடபிள்யூசி வாட்சுகளிலிருந்து எடுக்கிறேன். நிற செராமிக் பைலட் வாட்ச் என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, அமெரிக்கக் கடற்படையின் போர்விமானிகள் பள்ளிப் பெயரில் வரும் அவர்களின் டாப் கன் வரிசைதான்.

1. முதலில் பொருள் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

செராமிக் என்றதும் பீங்கான் தட்டு என்று நினைக்க வேண்டாம். இது சிர்க்கோனியம் ஆக்சைடு. அந்தப் பொடியோடு வேறு சில உலோக ஆக்சைடுகளைக் கலந்தால் நிறம் வரும். அச்சில் உருவாக்கி, கடைந்து, உலையில் மிக அதிக வெப்பத்தில் சுடுவார்கள். சுடும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அந்தச் சுருக்கத்தைக் கணக்கில் வைத்து முதலிலேயே பெரிதாகச் செய்ய வேண்டும், நிறமும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வர வேண்டும். கறுப்பைவிட மணல், பச்சை, வெள்ளை எல்லாம் விலை கூடுவதற்கு ஒரு காரணம் இது.

உங்களுக்கு இதில் முக்கியமானவை மூன்று. நிறம் மேலே பூசியது அல்ல, உள்ளே வரைக்கும் அதே நிறம்தான். இரண்டாவது, எஃகைவிடப் பல மடங்கு கடினம் என்பதால் சாவிக்கொத்து, மேசை விளிம்பு, சுவர் எதுவும் லேசில் கீறாது. மூன்றாவதைத்தான் விற்பவர்கள் மெதுவாகச் சொல்வார்கள், அல்லது சொல்லவே மாட்டார்கள்: எஃகு அடி வாங்கினால் நசுங்கும், செராமிக் அடி வாங்கினால் பெயரும் அல்லது விரியும். நசுங்கிய எஃகைத் தேய்த்து பாலிஷ் போட்டுவிடலாம். பெயர்ந்த செராமிக்கை ஒட்டவும் முடியாது, தேய்க்கவும் முடியாது. வாட்சின் வெளிக்கூடான கேஸையே மாற்ற வேண்டியதுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சந்தையில் 'செராமிக்' என்று சொல்லி விற்பதில் மூன்று வகை உண்டு. முழுக் கேஸும் செராமிக்கால் ஆனது ஒன்று. எஃகுக் கேஸின் மேல் செராக்கோட் போன்ற பூச்சு அடித்தது இன்னொன்று. இதை வெளிக்கடைகளிலும் அடித்துக் கொடுக்கிறார்கள், எந்த நிறத்தில் வேண்டுமானாலும் கிடைக்கும். மூன்றாவது, ஐடபிள்யூசியின் செராட்டேனியம் போல டைட்டானியக் கலவையைக் கடைந்து முடித்துச் சூளையில் வைத்து மேற்பரப்பை மட்டும் செராமிக் தன்மைக்கு மாற்றியது. அது கறுப்பு கலந்த சாம்பல் நிறத்தில்தான் வரும். மூன்றாவது வகையில் ஏமாற்று இல்லை, அது வேறு பொருள், அவ்வளவுதான். இரண்டாவது வகையில்தான் ஏமாறுவார்கள். நிறுவனம் வெளியிட்டே இராத ஒரு நிறத்தில் யாராவது 'அபூர்வப் பதிப்பு' காட்டினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

2. 'லிமிடெட்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்

இந்தச் சொல்லுக்குத்தான் நாம் கூடுதல் பணம் கொடுக்கிறோம். ஆனால் அது எல்லா வாட்சிலும் ஒரே அர்த்தத்தில் வருவதில்லை.

ஐடபிள்யூசி 2019-ல் 'மொஹாவி டெசர்ட்' என்ற மணல் நிற குரோனோகிராஃபை, அதாவது ஸ்டாப்வாட்ச் வசதியும் உள்ள வாட்சை, வெளியிட்டது. அதன் ரெஃபரன்ஸ், அதாவது மாடல் எண், ஐடபிள்யூ389103. மொத்தமே 500. அமெரிக்கக் கடற்படையின் சைனா லேக் தளம் இருக்கும் பாலைவனத்தின் பெயர் அது. 500 என்றால் 500தான், அதற்கு மேல் செய்ய மாட்டார்கள். 2022-ல் வந்த 'லேக் டஹோ' வெள்ளையும் 'வுட்லண்ட்' பச்சையும் அப்படி அல்ல. அவற்றுக்குச் சொன்னது ஆண்டுக்கு 1000. ஆண்டுக்கு ஆயிரம் என்பது உற்பத்தி வேகத்தைச் சொல்வது; மொத்தம் எத்தனை என்பது அதில் இல்லை. நான்கு வருடம் செய்தால் நாலாயிரம். 'ஓஷியானா' என்ற நீல நிற குரோனோகிராஃப் கொஞ்சம் சின்ன அளவில், 41.9 மில்லிமீட்டரில் வந்தது. பழைய வாட்ச் கடைகளில் இவை எல்லாவற்றையும் ஒரே கண்ணாடி அலமாரியில் 'லிமிடெட்' என்ற ஒரே அட்டையோடு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள்: மொத்த எண்ணிக்கையா, ஆண்டு எண்ணிக்கையா? பின்மூடியில் இந்த வாட்சுக்கு என்று தனி எண் பொறித்திருக்கிறதா, அல்லது 'இத்தனையில் ஒன்று' என்று பொதுவாக மட்டும் இருக்கிறதா? எது இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் நிறுவனம் எப்படிப் பொறித்ததோ அப்படியே இருக்க வேண்டும். தனி எண் இல்லாத பதிப்பில் '7/500' என்று யாராவது காட்டினால் அதை வெளியில் பொறித்திருக்கிறார்கள்.

நிற செராமிக் விஷயத்தில் குறைந்த எண்ணிக்கைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நாளைக்குக் கேஸ் மாற்ற வேண்டி வந்தால் அதே நிறத்தில் ஒரு கேஸ் இருப்பில் இருக்க வேண்டும். 500 மட்டுமே செய்த ஒன்றுக்கு உதிரிக் கேஸ் எத்தனை செய்து வைத்திருப்பார்கள்? வாங்குவதற்கு முன்பே அதிகாரபூர்வ சர்வீஸ் மையத்துக்கு ரெஃபரன்ஸ் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: 'இதன் கேஸை இப்போதும் மாற்றித் தருவீர்களா, தோராயமாக எவ்வளவு ஆகும், எத்தனை மாதம் ஆகும்?' இதற்குச் செலவு எதுவும் இல்லை. நான் செய்யாத முதல் வேலை இதுதான்.

3. கையில் போட்டுப் பாருங்கள்

இது சின்ன விஷயம், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மொஹாவி, லேக் டஹோ, வுட்லண்ட் குரோனோகிராஃபுகள் மூன்றும் 44.5 மில்லிமீட்டர். நம்மில் பலருடைய மணிக்கட்டுக்கு அது ஒரு சாஸர்தான். செராமிக் எஃகைவிட எடை குறைவு என்பதால் கனம் தெரியாது, பரப்பு தெரியும். வெள்ளை நிறம் இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டும். படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போய் மாட்டிப் பாருங்கள், கைப்பட்டைக்குள் நுழைகிறதா என்று.

4. புதியது கிடைக்குமா என்று ஊரிலேயே ஒருமுறை கேளுங்கள்

எனக்கு வெளிநாட்டில் மலிவு என்ற எண்ணம் மண்டைக்குள் ஏறியிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு அந்த எண்ணம் இறங்கிவிட்டது. கணக்கைக் கீழே தருகிறேன். இப்போதும் தயாரிப்பில் இருக்கும் நிறம் என்றால் முதலில் இந்தியாவில் இருக்கும் அதிகாரபூர்வ விற்பனையாளரிடம் பெயரைக் கொடுத்துவையுங்கள். காத்திருக்கச் சொல்வார்கள். காத்திருக்கலாம்.

இங்கே வாங்கும்போது தெரிந்திருக்க வேண்டியவை: வாட்சுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அது சொல்லும் விலையிலேயே சேர்ந்திருக்கும். 2 லட்சத்துக்கு மேல் என்பதால் பான் எண் கட்டாயம். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கிக்கொள்ளக் கடைக்காரருக்குச் சட்டம் இடம் தராது. 'பாதி கேஷ் கொடுங்கள், பில் குறைத்துப் போடுகிறேன்' என்பவரிடம் வாங்கினால் நாளைக்கு இன்சூரன்சும் கிடைக்காது, மறுவிற்பனையும் சிக்கல். 10 லட்சத்துக்கு மேல் போனால் 2025 ஏப்ரல் 22 முதல் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் வசூலித்து உங்கள் பெயரில் கட்டும் வருமான வரி) பிடிக்கிறார்கள். அது போன பணம் அல்ல; வருமான வரி தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். பில்லில் அது தனி வரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளின் வணிகக் கூட்டமைப்பான எஃப்டாவோடு இந்தியா செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சுவிஸ் வாட்சுக்கான இறக்குமதி வரி அதன்படி ஆண்டுக்கு ஆண்டு படிப்படியாகக் குறையும். அவசரம் இல்லாதவர்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

500 மட்டும் செய்தது போல விற்றுத் தீர்ந்த பதிப்பு என்றால் புதியது கிடையாது. பழைய சந்தைதான் வழி. அடுத்த படிகள் அதற்கு.

5. காகிதங்கள்

வாட்சைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். வாட்சைப் பார்த்துவிட்டால் மனசு இளகிவிடும், அப்புறம் காகிதத்தில் இருக்கும் ஓட்டை கண்ணில் படாது. அனுபவம்.

இருக்க வேண்டியவை இவை. வாரண்டி கார்டு: அதில் ரெஃபரன்ஸ் எண், கேஸின் தொடர் எண், விற்ற தேதி, விற்பனையாளர் விவரம். தொடர் எண் பின்மூடியில் இருப்பதோடு ஓர் எழுத்துகூடப் பிசகாமல் பொருந்த வேண்டும். முதல் உரிமையாளர் வாங்கிய பில்: பெரும்பாலும் இருக்காது, இருந்தால் நல்லது. சர்வீஸ் நடந்திருந்தால் அதன் ரசீது. அசல் பெட்டி, அசல் வார், அசல் பக்கிள். நிற செராமிக் பதிப்புகளில் வாரும் அதே நிறத்தில் வரும். மணல் நிறத் துணி வார் இரண்டு வருடம் வியர்வை குடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பதில் கறுப்பு வாரைப் போட்டு விற்பார்கள். அசல் வார் தனியாக வாங்க என்ன விலை என்று கேட்டு அதை விலையில் கழியுங்கள்.

வாரண்டி பற்றி: ஐடபிள்யூசி இரண்டு வருட வாரண்டியோடு தருகிறது, அவர்களின் தளத்தில் பதிவு செய்தால் எட்டு வருடம் வரை நீள்கிறது. முதல் உரிமையாளர் பதிவு செய்தாரா என்று கேளுங்கள். 'எட்டு வருட வாரண்டி இருக்கிறது' என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள், திரையில் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, வாரண்டி எதுவாக இருந்தாலும் அடிபட்டு உடைந்ததற்கு அது பொருந்தாது. நிற செராமிக் வாட்சில் நீங்கள் பயப்பட வேண்டிய விஷயமே அதுதான் என்பதால், வாரண்டி மீதி இருக்கிறது என்பதற்காக அதிக விலை கொடுக்க வேண்டாம்.

திருட்டுச் சோதனை: தொடர் எண்ணை வைத்துத் தேடலாம். ஐடபிள்யூசியின் தாய் நிறுவனமான ரிஷ்மோன் 2023-ல் 'என்கைரஸ்' என்ற இலவசத் தளத்தைத் தொடங்கியது. காணாமல் போன, திருடுபோன வாட்சுகளை அதில் பதிந்துவைக்கிறார்கள். லண்டனில் 'வாட்ச் ரெஜிஸ்டர்' என்ற கட்டணத் தளமும் இருக்கிறது. இரண்டிலும் பார்த்துவிடுங்கள். 'முழுப் பணம் கட்டினால்தான் தொடர் எண் தருவேன்' என்கிற விற்பவரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

6. லென்ஸ், டார்ச், அரை மணி நேரம்

நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றும் சின்ன டார்ச் ஒன்றும் கொண்டுபோங்கள். இரண்டும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் முடியும்.

முதல் வேலை, வாரைக் கழற்றச் சொல்வது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. 'கழற்றினால் கீறல் விழும்' என்றால், 'செராமிக்தானே, கீறாதே?' என்று கேளுங்கள். எனக்கு இந்தப் பதில் மூன்று மாதம் கழித்துத்தான் தோன்றியது.

வார் வந்ததும் நான்கு லக்குகளின் உள்பக்கத்தையும், வாரைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பியான ஸ்பிரிங் பார் நுழையும் துளைகளின் விளிம்பையும் பாருங்கள். வார் மாற்றும்போது கருவி வழுக்கி இடிப்பதும், அளவு பொருந்தாத பாரை அழுத்தித் திணிப்பதும் அங்கேதான். அடுத்து லக்குகளின் நுனி. அடுத்து கிரவுனும் (சாவி கொடுக்கும் திருகு) புஷர்களும் (குரோனோகிராஃபை இயக்கும் பொத்தான்கள்) கேஸுக்குள் போகும் இடம். கடைசியாகப் பின்மூடி கேஸோடு சேரும் வட்டம். செராமிக் நடுவில் பெயர்வது அபூர்வம். மூலையிலும் துளை விளிம்பிலும்தான் ஆரம்பிக்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில், கேஸை உரசுகிற மாதிரி பிடியுங்கள். முடிபோல ஒரு விரிசல் இருந்தாலும் நிழல் விழும்.

சாம்பல் கோடு தெரிந்தால் உடனே பதற வேண்டாம். எஃகு செராமிக்கில் உரசினால் கீறுபடுவது எஃகுதான். அதன் துகள் செராமிக் மேல் பென்சில் கோடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். வெள்ளை நிறத்தில் இது நிறையவே தெரியும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கும் ரப்பரால் தேய்த்துப் பாருங்கள், போய்விடும். போகவில்லை என்றால் நகத்தை அதன் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் தடுக்கினால் அது கோடு அல்ல, குறை. சில கடைகளில் இதை இரண்டு பக்கமும் பயன்படுத்துவார்கள்: அவர்கள் உங்களிடம் வாங்கும்போது துடைத்தால் போகும் கோட்டைக் கீறல் என்பார்கள், விற்கும்போது விரிசலை 'துடைத்தால் போய்விடும் சார்' என்பார்கள். 'அப்படியானால் இப்போதே துடைத்துக் காட்டுங்கள்' என்பதுதான் பதில்.

கேஸ் முடிந்தால் இயந்திரம். குரோனோகிராஃபைத் தொடங்கி ஒரு பத்து நிமிடம் ஓடவிடுங்கள். நிறுத்தி, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் முள் 12-க்கு நேராக, தடுமாறாமல் வந்து நிற்க வேண்டும். இரண்டு புஷரும் ஒரே அழுத்தத்தில் வேலை செய்ய வேண்டும். தேதியும் கிழமையும் மாறுகிறதா என்று முள்ளைச் சுற்றிப் பாருங்கள். இரவு எட்டு மணியிலிருந்து அதிகாலை இரண்டு மணி வரையான நேரத்தில் முள் நிற்கும்போது மட்டும் தேதியைத் தனியாகத் திருப்ப வேண்டாம், உள்ளே பல்சக்கரம் பிடித்திருக்கும் நேரம் அது. வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முழுச்சாவி கொடுத்துப் படுக்கவைத்த நிலையில் ஆம்ப்ளிட்யூட், அதாவது உள்ளே ஊசலாடும் சக்கரம் திரும்பும் கோணம், 270 டிகிரிக்கு மேல் வந்தால் நிம்மதி. மொஹாவி, லேக் டஹோ, வுட்லண்ட் மூன்றிலும் இருப்பது 69380 என்ற சொந்த இயந்திரம். முழுச்சாவியில் 46 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை இரவு கழற்றி வைத்தால் திங்கள் காலையில் நின்றிருக்கும், அது பழுது அல்ல.

பின்மூடியையும் பாருங்கள். இந்த வகை பைலட் வாட்சுகளில் காந்தத்தைத் தடுக்க உள்ளே மென்னிரும்புக் கூடு வைப்பார்கள், அதனால் பின்மூடி மூடியதாக இருக்கும். இயந்திரம் தெரியும்படி கண்ணாடிப் பின்மூடி போட்ட 'மொஹாவி' ஒன்றைப் படத்தில் பார்த்தேன். போலி செய்தவருக்கு அழகுணர்ச்சி அதிகம் போலிருக்கிறது.

கடைசியில் நீர் அழுத்தச் சோதனை. 44.5 மில்லிமீட்டர் குரோனோகிராஃபுக்கு 6 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). அந்த அளவுக்குத் தாங்குகிறதா என்று காற்றழுத்தக் கருவியில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் இதில் காட்டிக்கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.

7. விலையும் பணம் கட்டும் விதமும்

இனி என் கணக்கு. வாட்ச் 10,000 சிங்கப்பூர் டாலர், அன்றைக்கு ஏறக்குறைய 6,20,000 ரூபாய். கிரெடிட் கார்டில் தேய்த்தேன். வெளிநாட்டு நாணயத்துக்கு 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 25,600 ரூபாய் கார்டு நிறுவனத்துக்குப் போனது. ஊர் வந்ததும் சுங்கவரி 2,19,450. ஆறு லட்சத்து இருபதாயிரத்தில் ஆரம்பித்த வாட்ச் எட்டு லட்சத்து அறுபத்தைந்தாயிரத்தில் வந்து நின்றது. விமான டிக்கெட்டைச் சேர்க்கவில்லை, அது வேறு வேலையாகப் போன பயணம்.

வெளிநாட்டு நாணயத்துக்குப் பிடிக்கும் இந்தக் கட்டணம் ('மார்க்அப்' என்பார்கள்) குறைவாகவோ இல்லாமலோ இருக்கும் கார்டுகள் உண்டு. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அப்படி ஒன்றுக்கு விண்ணப்பித்து, வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, வரம்பையும் உயர்த்தி வையுங்கள். கடையில் இயந்திரம் 'ரூபாயில் கட்டவா, சிங்கப்பூர் டாலரிலா' என்று கேட்டால் டாலர் என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்றுவிகிதம் விழும்.

சிங்கப்பூரில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும் என்பது உண்மைதான். 2024-லிருந்து அங்கே ஜிஎஸ்டி 9 சதவீதம், நல்ல தொகை. நானும் அந்த நம்பிக்கையில்தான் போனேன். ஆனால் என் பில்லில் ஜிஎஸ்டி தனியாகப் போடப்படவே இல்லை. பழைய பொருள் விற்கும் கடைகளில் இது சகஜம். தனியாக வசூலிக்காத வரியைத் திருப்பித் தர மாட்டார்கள். பணம் கட்டுவதற்கு முன் 'இந்தப் பில்லுக்கு டூரிஸ்ட் ரீஃபண்ட் உண்டா, அந்தச் சீட்டு தருவீர்களா' என்று நேராகக் கேளுங்கள். உண்டு என்றால் பாஸ்போர்ட் தேவைப்படும். வாட்சைப் பெட்டியில் போட்டு செக்-இன் செய்துவிடாதீர்கள். விமான நிலையத்தில் பொருளைக் காட்டச் சொன்னால் கையில் இருக்க வேண்டும்.

பில்லில் எழுதவேண்டியதைச் சொல்லி எழுத வையுங்கள்: நிறுவனப் பெயர், மாடல், ரெஃபரன்ஸ் எண், தொடர் எண், 'பயன்படுத்தியது' என்ற சொல், விலை, கேஸில் பெயர்வோ விரிசலோ இல்லை என்ற ஒரு வரி. கடைசி வரி மட்டும் என் பில்லில் இருந்திருந்தால் மூன்று மாதம் கழித்துப் பேசுவதற்கு என்னிடம் ஏதாவது இருந்திருக்கும்.

8. ஊருக்குக் கொண்டுவருவது

என் பில்லில் இருந்தது 'பழைய வாட்ச், ஒன்று' என்ற மூன்று சொற்களும் ஒரு தொகையும்தான். வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய் நானாகவே சொன்னேன். அதிகாரி பில்லைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், இணையத்தில் அதன் புது விலையைப் பார்த்தார். பில் இந்த வாட்சுக்குத்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. கார்டு ரசீது, கடையோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், வாரண்டி கார்டு எல்லாவற்றையும் காட்டி பில் விலையை ஏற்கவைக்க மூன்று மணி நேரம் ஆனது. தவறு என்னுடையது.

அப்போது விமானத்தில் வரும் இந்தியருக்கு 50,000 ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் 38.5 சதவீதம். என் வாட்சுக்கு 5,70,000-த்துக்கு 38.5 சதவீதம் போட்டுக்கொள்ளுங்கள், மேலே சொன்ன தொகை வரும். இந்த வரம்பும் விகிதமும் நிலையானவை அல்ல, பட்ஜெட்டில் மாறும். டிக்கெட் எடுக்கும் அன்றே மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் தளத்தில் அன்றைய விதியைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். 'அதிதி' என்ற அவர்களின் செயலியில் வருவதற்கு முன்பே அறிவிப்பைப் பதிந்துவிடலாம்.

'கையில் கட்டிக்கொண்டு வந்துவிடு, யார் கேட்கப்போகிறார்கள்' என்று எல்லோருக்கும் ஒரு மாமா சொல்வார். எனக்கும் சொன்னார். மணல் நிறத்திலோ பச்சையிலோ 44 மில்லிமீட்டர் வாட்ச் கையில் இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும் என்பது ஒரு பக்கம். அறிவிக்காமல் பிடிபட்டால் பறிமுதல், அபராதம் என்று போகும் என்பது இன்னொரு பக்கம். அப்படியே தப்பித்து வந்தாலும் வரி கட்டிய ரசீது இல்லாத வாட்சோடு ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்திலும் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு திரும்ப வேண்டும்.

வரி கட்டிய ரசீதை உயிர் போல வைத்துக்கொள்ளுங்கள். அதில் வாட்சின் ரெஃபரன்ஸ் எண்ணும் தொடர் எண்ணும் வரும்படி கேளுங்கள். அடுத்த முறை அதே வாட்சைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போகும்போது, கிளம்பும் விமான நிலையத்துச் சுங்கப் பிரிவில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது 'இது இங்கிருந்து போனதுதான்' என்று காட்ட உதவும். அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

கூரியரில் வரவழைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நான் செய்ய மாட்டேன். செராமிக் பொருள், பல கைகள் மாறும் பயணம், இரண்டும் சேராது. விலையுயர்ந்த வாட்சை இன்சூரன்சிலிருந்து விலக்கிவைக்கும் கூரியர் நிறுவனங்களும் இருக்கின்றன. விதிகளின் சின்ன எழுத்தில் அது இருக்கும். முதலைத்தோல் வார் என்றால் அழியும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் அனுமதிச் சிக்கலும் சேரும். நல்லவேளையாக நிற செராமிக் பதிப்புகள் பெரும்பாலும் ரப்பர் அல்லது துணி வாரோடு வருகின்றன.

9. வீட்டுக்கு வந்த முதல் வாரம்

வெளிச்சமான இடத்தில் வைத்து எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், வார் கழற்றிய நிலையிலும். தொடர் எண் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று. பில், கார்டு ரசீது, சுங்க ரசீது, வாரண்டி கார்டு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். வாட்ச் எங்கே இருக்கிறதோ அங்கே காகிதங்களை வைக்காதீர்கள். திருடனுக்கு முழு செட்டாகக் கிடைக்கும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது 'திருட்டு' மட்டும் அல்ல, 'தற்செயலாக விழுந்து உடைதல்' சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டு இன்சூரன்சோடு விலையுயர்ந்த பொருள்களைப் பெயர் குறித்துச் சேர்க்கும் திட்டங்கள் உண்டு. நிற செராமிக்குக்குத் திருட்டைவிட குளியலறை டைல்ஸ்தான் பெரிய எதிரி. கழற்றுவதும் மாட்டுவதும் கட்டில் மேல் உட்கார்ந்து என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

10. வார் மாற்றுதல், சர்வீஸ்

வாரை நீங்களாக மாற்றுவதாக இருந்தால் கீழே மெத்தென்று ஒரு துணி விரித்து, முனையில் பிளாஸ்டிக் போட்ட கருவியால் செய்யுங்கள். ஸ்பிரிங் பார் அந்த மாடலுக்கு உரியதாகவே இருக்க வேண்டும். தெருமுனைக் கடையில் ஐம்பது ரூபாய்க்கு மாற்றித் தருவார்கள், கைவேலை சுத்தமாகக்கூட இருக்கும். ஆனால் பார் நுழையவில்லை என்றால் எஃகு லக்கை நெம்பிப் பழகிய கை அது. என் வாட்சில் பழைய உரிமையாளர் காலத்தில் அப்படித்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும்.

குரோனோகிராஃபுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முழு சர்வீஸ் என்று கணக்கு வைத்து, மாதம் கொஞ்சம் ஒதுக்குங்கள். அனுப்புவதற்கு முன் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். கேஸ் மாற்றினால் தனியாக எவ்வளவு என்று அதில் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கேஸ் மாற்றினால் தொடர் எண் என்ன ஆகும், பழைய கேஸைத் திருப்பித் தருவார்களா என்பதையும் அப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மறுவிற்பனையின்போது வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கும்.

எனக்குத் தந்த மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு நான் கேஸ் மாற்றவில்லை. குருணை அளவுப் பெயர்வு வாருக்குள் மறைந்துதான் இருக்கிறது, விரிசல் அங்கிருந்து ஓடவில்லை, நீர் அழுத்தச் சோதனையிலும் தாங்கியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாரைக் கழற்றி அதே கோணத்தில் ஒரு படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். விற்கும் நாள் வந்தால் அந்தப் படங்களை வாங்குபவருக்கு முதலிலேயே அனுப்பிவிடுவேன்.